காத்தா, பேட்டரியா

பல் டாக்டரம்மா வீட்டு மாடியிலிருந்து பெரியவர் மறுபடியும் ஏணியில் இறங்கினார். காலையிலிருந்து எத்தனையாவது முறை என்று கேட்டால் அடிக்க வருவார். கூரைக்கான கைமரத்தைத் தூக்கி வைத்து, குறி பார்த்து, ஆணித் துப்பாக்கியை அழுத்தப் போகிற நேரம் பார்த்துத்தான் கம்ப்ரெசரிலிருந்து அதற்குக் காற்று கொண்டுவரும் ட்யூப் கீழே சாரத்தின் ஏதாவது ஒரு முடிச்சில் போய் மாட்டிக்கொள்ளும். மேலே நின்று இழுத்தால் வராது. கீழே ஒரு ஆள் இருந்தால் ஒரு தட்டுத் தட்டி விடுவார், வேலை முடிந்தது. ஆள் இல்லையே. அதனால் மரத்தை அப்படியே கவ்விக் கட்டையில் நிறுத்திவிட்டு, முட்டி இரண்டும் முறையிட, இறங்கி வந்து ட்யூபை விடுவித்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். ஏறி முடித்ததும் கம்ப்ரெசர் நின்றுபோயிருக்கும்.

பெரியவர் என்றதும் தொண்டு கிழம் என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பத்திரண்டு வயதுதான். அண்ணனும் தம்பியும் இருபது வருஷமாக ஒன்றாகவே மரச்சட்ட வேலைக்குப் போனதால், வேலையிடங்களில் அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். சின்னவர் இப்போது கூட இல்லை. உயிரோடு, நல்லபடியாக, ஊரின் இன்னொரு கோடியில் இருக்கிறார். அண்ணன் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை, அவ்வளவுதான். எட்டு மாதமாகிறது.

டாக்டரம்மா வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சனிக்கிழமை, கிளினிக் மதியத்துக்கு மேல்தான்.

"ஏங்க, இப்படி ஏறி இறங்கி விழுந்து கிழுந்து வெச்சீங்கன்னா என்ன பண்றது? இப்பதான் பேட்டரி கன்னுன்னு வந்திருக்காமே. ட்யூபும் கிடையாது, இந்தக் காது கிழியிற சத்தமும் கிடையாது. அதுல ஒண்ணு வாங்கிக்கக் கூடாதா?"

"காத்து மாதிரி வராதும்மா" என்றார் பெரியவர். "பேட்டரி கன் கல்லு மாதிரி கனக்கும். தலைக்கு மேல தூக்கி அடிச்சா தோள் கழண்டுடும். ஒரு ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் நடுவுல யோசிச்சு யோசிச்சுத்தான் அடிக்கும். பாதி வேலையில சார்ஜ் போயிடும். காத்துன்னா அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கும். சின்னது, லேசு, சொன்ன பேச்சைக் கேக்கும்."

பல் வலிக்கவே இல்லை என்று சாதிக்கிற நோயாளியைப் பார்ப்பதுபோல டாக்டரம்மா அவரைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை கூரைத் தகரம் போட ஆள் வருதுல்ல?"

"வருதும்மா."

"இன்னும் பாதிகூட ஆகலையே."

பெரியவர் ஏணியில் காலை வைத்தார். பேட்டரியைப் பற்றி அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. கனம், வேகம், சார்ஜ் எல்லாமே நிஜம்தான். ஆனால் அதற்காக அவர் பேட்டரியை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கம்ப்ரெசரில் இரண்டு வாய் உண்டு. ஒன்றில் அண்ணன் ட்யூப், மற்றதில் தம்பி ட்யூப். இந்த எட்டு மாதமும் பெரியவர் தினம் காலையில் தம்பியின் ட்யூபையும் எடுத்து இரண்டாவது வாயில் மாட்டிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறார். யாராவது கேட்டால் வாஷர் காய்ந்துபோகாமல் இருக்க என்பார். பேட்டரி கன் என்பது ஒற்றை ஆளுக்கான சாமான். அதை வாங்கினால் தம்பி வரமாட்டான் என்று தானே முடிவு கட்டியதுபோல ஆகிவிடும். அது அவருக்கு முடியவில்லை.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பார்த்த இரண்டு இடமும் தட்டிப்போன பிறகு, போதும் என்று விட்டுவிட்டார். தம்பி வாடகைக்கு இருந்த வீட்டின் மாடி அறையில்தான் ஜாகை, முன்பெல்லாம் தம்பி வீட்டில்தான் மூன்று வேளையும் சாப்பாடு. தம்பி மனைவி திட்டிக்கொண்டே பரிமாறுகிற ரகம். "நாலு தட்டுப் போட்டுட்டேன், கை கழுவ எத்தனை நேரம்?" என்று கீழேயிருந்து சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால்தான் அவருக்குப் பசியே எடுக்கும். வீட்டைக் காலிபண்ணி அவர்கள் போன பிறகு கீழ்ப்போர்ஷனுக்கு யாரோ வந்தார்கள், நல்லவர்கள்தான், பார்த்தால் சிரிப்பார்கள். பெரியவர் இப்போது தானே சமைக்கிறார். ஒரு ஆளுக்கு எவ்வளவு போட வேண்டும் என்ற கணக்கு அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. தினமும் மிஞ்சுகிறது. மறுநாள் அதையே சுடவைத்துத் தின்கிறார்.

என்னதான் நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

கம்ப்ரெசரும் ரம்பமும் ஓடுகிற இடத்தில் கத்தினால் காதில் விழாது. அதனால் அண்ணனும் தம்பியும் தங்களுக்கென்று ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். மேலே ஒருவர் ஆணி அடிப்பார், கீழே ஒருவர் கம்ப்ரெசர் பக்கத்தில் நின்று மரம் அறுத்துக் கொடுப்பார். துப்பாக்கியில் ஆணி சிக்கிக்கொண்டால் மேலே இருப்பவர் ஒரு துண்டுக் கட்டையைக் கீழே போடுவார். கீழே இருப்பவர் உடனே ட்யூபைக் கம்ப்ரெசரிலிருந்து கழட்டிவிட வேண்டும். காற்று வெளியேறிவிடும், துப்பாக்கி செத்துவிடும், பயமில்லாமல் அதன் மூக்கில், அதாவது ஆணி வெளியே வரும் முனையில், கைவிட்டு ஆணியைப் பிடுங்கலாம். பிடுங்கி முடித்ததும் ட்யூபை இரண்டு இழுப்பு இழுப்பார். மாட்டு என்று அர்த்தம். நியாயமாகப் பார்த்தால் துப்பாக்கிப் பக்கத்திலேயே கழட்டிக்கொள்ளத்தான் வசதி இருக்கிறது. அந்த இணைப்பு ஒழுகியதால், புதிது வாங்கச் சோம்பல்பட்டு, கம்பி போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார்கள். இருபது வருஷம் ஒருத்தன் கையில் இன்னொருத்தன் கையை நம்பிக் கொடுத்தவர்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

அன்றைக்குச் சின்னவர் மேலே. கட்டை விழுந்தது. பெரியவர் கழட்டினார். ரம்பத்துக்குத் திரும்பி இன்னொரு சட்டத்தை அறுத்துக்கொண்டிருந்தபோது காலடியில் ட்யூப் வெடுக் வெடுக்கென்று இரண்டு முறை அசைந்தது. குனிந்து மாட்டினார். மேலே அண்ணாந்து பார்க்கவில்லை. இருபது வருஷத்தில் ஒரு நாளும் பார்த்ததில்லை, அன்றைக்கு மட்டும் எதற்குப் பார்க்கப் போகிறார்? ட்யூப் ஒரு சாரக் கம்பிலிருந்து நழுவி அடுத்த கம்பில் விழுந்திருக்கிறது. அந்த அசைவுதான் அது. சின்னவர் இன்னும் துப்பாக்கி மூக்கை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்து, விசையில் விரல் வைத்தபடி, வளைந்த ஆணியை நெம்பிக்கொண்டிருந்தார்.

மூன்று அங்குல ஆணி. உள்ளங்கையில் ஏறிப் புறங்கையில் எட்டிப் பார்த்தது.

இதுவரைக்கும் விபத்து. யாருக்கும் நடக்கக்கூடியது. இதற்கு மேல் நடந்ததுதான் பெரியவரைத் தூங்கவிடாமல் அரிக்கிறது. கத்தல் கேட்டுக் காண்ட்ராக்டர் ஓடிவந்தார். சின்னவரைக் கைத்தாங்கலாக இறக்கும்போதே, "ஏய்யா, காத்தைக் கழட்டாமலா கையை விட்டான்?" என்று கேட்டார். பெரியவரின் வாய் அது பாட்டுக்குச் சொன்னது:

"அவன் கழட்டச் சொல்லவே இல்லைங்க."

சின்னவர் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணனை நிமிர்ந்து பார்த்தார்.

ஒரே ஒரு வாக்கியம். அதற்குள் எத்தனை வேலை இருந்தது என்று பெரியவருக்குப் பிறகுதான் புரிந்தது. இந்தத் தொழிலில் காற்றைக் கழட்டாமல் மூக்கில் கைவிடுகிறவன் என்றால் அடிமுட்டாள் என்று பொருள். அப்படிப்பட்டவனை யாரும் பெரிய வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள், அவனால் பக்கத்தில் நிற்பவனுக்கும் ஆபத்து. ஆஸ்பத்திரியில் தம்பி மனைவி அழுதுகொண்டே புருஷனைத்தான் வாங்கு வாங்கென்று வாங்கினாள். "எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அவசரப்படாதீங்க, அவசரப்படாதீங்கன்னு! உங்க அண்ணனுக்கு இருக்கிற நிதானத்துல கால்வாசி இருந்தா இப்படி ஆகுமா?" பெரியவர் அப்போது கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பாவி மனுஷன் திறக்கவில்லை. சின்னவரோ மனைவியையும் மறுத்துப் பேசவில்லை, அண்ணனையும் காட்டிக்கொடுக்கவில்லை. "நீ சாப்பிட்டியாண்ணே?" என்று மட்டும் கேட்டார். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கேள்விதான் பெரியவர் நெஞ்சை அறுக்கிறது.

கை ஆறியது. இரண்டு விரல் மட்டும் முழுசாக மடங்காது. ஒரு நாள் வேலை முடிந்து பெரியவர் வந்தபோது கீழ்வீடு பூட்டியிருந்தது. சொல்லாமல் போகவில்லை. "பையன் ஸ்கூலுக்குக் கிட்டன்னு வீடு மாத்தறோம்ணே" என்று முந்தின வாரமே சின்னவர் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு போன் இல்லை.

மதியம் டாக்டரம்மா கிளினிக்குக் கிளம்பும்போது, "சாமான் கடைக்கு ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டாவது வாங்களேன். பாக்கறதுக்கு என்ன?" என்று மறுபடியும் சொன்னார். இந்த முறை பெரியவரால் மறுக்க முடியவில்லை. திங்கட்கிழமை பயமும் இருந்தது.

சாமான் கடை மதிய நேரத்தில் டீக்கடை மாதிரி. வாங்குகிறவர்களைவிட நிற்கிறவர்கள் அதிகம். கூரை வேலைக்காரரான தகரக்காரர் கல்லாவில் சாய்ந்துகொண்டு திருகாணிப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். பெயின்ட் ஆள் ஒருவர் பிரஷ்ஷை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க பெரியவரே! திங்கக்கிழமை உங்ககிட்டதான் வரேன். சட்டம் ரெடியா, இல்ல ஆகாசத்துல தகரம் போடணுமா?" என்றார் தகரக்காரர்.

"போட்டுருவோம்" என்றார் பெரியவர்.

பெரியவர் சொன்ன பேட்டரி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கடைக்காரருக்குத் தெம்பு வந்துவிட்டது. கடையின் பின்பக்கம் சோதனைக்கென்று போட்டிருந்த மரக்கட்டைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு கையில் காற்றுத் துப்பாக்கி, ஒரு கையில் பேட்டரித் துப்பாக்கி. பெரியவர் இரண்டையும் அடித்துப் பார்த்தார். காற்று, சொன்னபடி, டப் டப் டப்பென்று மூச்சுவிடாமல் அடித்தது. பேட்டரி கொஞ்சம் உறுமிவிட்டு அடித்தது. ஆணி என்னவோ தலைவரைக்கும் சுத்தமாக இறங்கியிருந்தது. குறை சொல்ல முடியவில்லை.

"எத்தனை பேர் வேலை பாக்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

பெரியவர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு மூணு பேர் ஒரே இடத்துல நின்னு அடிக்கறதுன்னா காத்து. ஒரு கம்ப்ரெசர் எல்லாருக்கும் போதும். ஒத்தை ஆளுன்னா கண்ணை மூடிக்கிட்டு பேட்டரி. உங்க தம்பியே போன மாசம் இங்க வந்து பேட்டரிதானே வாங்கிட்டுப் போனாரு!"

பெரியவர் கையிலிருந்ததைக் கட்டைமேல் வைத்தார்.

"யாரு, சின்னவனா?"

"ஆமா. நானும் சொன்னேன், காத்து கன் சலுகையில இருக்கு, அண்ணன்கிட்டதான் கம்ப்ரெசர் இருக்கேன்னு. வேணாம்னுட்டாரு. என்னமோ சொன்னாரே… ஆங், 'எனக்கு வேண்டிய காத்து இன்னொருத்தர் கையில இருக்கக் கூடாதுங்க'ன்னாரு. என்ன அர்த்தமோ."

கல்லாவில் சாய்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்த தகரக்காரருக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது. தெரிந்ததாக நினைத்துக்கொண்டார். "இதுல என்ன அர்த்தம்? காத்தோட கைய விட்டு ஒரு தடவ வாங்கினவனாச்சே! சூடு கண்டுட்டான். பேட்டரின்னாலும் பேட்டரியக் கழட்டிட்டுக் கைவிடணும்னு யாராச்சும் சொல்லிக் குடுத்தீங்களா?" என்றார். பெயின்ட் ஆள் சிரித்தார். கடைக்காரரும் வியாபாரத்துக்காகக் கொஞ்சம் சிரித்தார்.

பெரியவரையும் பார்த்துத்தான் சிரித்தார்கள். அவரும் சேர்ந்துகொள்வார் என்று காத்திருந்தார்கள். இதற்குமுன் இரண்டொரு இடத்தில் அவர் சேர்ந்துகொண்டும் இருக்கிறார், உதட்டளவில். இப்போது தம்பி மொட்டையாய்ச் சொல்லிவிட்டுப் போன அந்த ஒரு பேச்சு அவருக்கு மட்டும்தான் புரிந்தது. தம்பி கோபித்துக்கொண்டிருக்கிறான், ஒருநாள் ஆறும் என்றுதான் இத்தனை நாள் இருந்தார். கோபமில்லை. நம்பிக்கை போய்விட்டது. கடைக்குப் போய் நின்று யோசித்து, அண்ணன் தேவைப்படாத சாமானாகப் பார்த்து வாங்கியிருக்கிறான்.

"அவன் கழட்டிட்டுத்தான் கை விட்டான்" என்றார் பெரியவர்.

"என்னது?"

"கட்டையைப் போட்டான். நான் கழட்டினேன். ட்யூப் அசைஞ்சுது, அவன்தான் இழுக்கறான்னு நினைச்சு நானே மறுபடியும் மாட்டிட்டேன். அவன் கை உள்ள இருந்துச்சு." பெரியவர் அதோடு நிறுத்தவில்லை. "காண்ட்ராக்டர் கேட்டப்ப, அவன் சொல்லவே இல்லைன்னு பொய் சொன்னேன். தப்பு பூரா என்னோடது. சின்னவன் மேல ஒரு தப்பும் இல்ல."

சிரிப்பு நின்றது. பெயின்ட் ஆள் பிரஷ்ஷை இருந்த இடத்தில் வைத்தார். தகரக்காரர் திருகாணிப் பெட்டியை மூடினார், திறந்தார், மூடினார்.

"அடப்பாவி" என்றார் கடைசியில், மெதுவாக. "இத்தனை நாளா நாங்க அவனைப் பாத்தா…" அவர் முடிக்கவில்லை.

கடைக்காரர் கட்டைமேல் கிடந்த துப்பாக்கியை எடுத்துத் துடைத்தார். "சரி, உங்களுக்கு எதைப் போடட்டும்? காத்தா, பேட்டரியா?" என்றார்.

"இதோ வரேன்" என்று பெரியவர் வெளியே வந்தார்.

கடைக்கு வெளியே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. சுவரோரமாக நின்று போனை எடுத்தார். தம்பி எண்ணை ஒருவழியாக அழுத்திவிட்டார். நான்காவது மணியில் எடுத்தார்கள்.

"சொல்லுண்ணே." எட்டு மாதம் கழித்தும் அதே 'சொல்லுண்ணே'தான்.

"டேய்… சாமான் கடையில இருக்கேன். எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேண்டா."

"என்னத்த?"

"மாட்டினது நான்தான்னு. நான் பொய் சொன்னேன்னு."

அந்தப் பக்கம் எங்கேயோ சுத்தியல் சத்தம் கேட்டது, நின்றது.

"யார் யார் இருந்தாங்க?"

"கடைக்காரர். ஒரு பெயின்ட் ஆளு. தகரக்காரர்."

"தகரக்காரர் இருந்தாரா?" சின்னவர் குரலில் லேசாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "அப்ப சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா போயிடும்."

"போகட்டும்டா. வீட்லயும் நானே வந்து சொல்றேன். உன் பொண்டாட்டிகிட்ட."

"அவளுக்குத் தெரியும். நான் சொல்லிட்டேன். அதனாலதான் வீடு மாத்தினோம்." பிறகு சின்னவர் சொன்னார்: "கையில ஆணி அடிச்சதுக்கு எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. அது யாருக்கும் ஆகும். நானே உன் கையில அடிச்சிருக்கலாம். ஆனா நீ சொன்ன பாரு…"

"தெரியும்டா."

"கட்டில்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தியே. அப்பகூட சொல்லுவேன்னு பாத்தேன்."

பெரியவர் மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாயெடுத்தார். அந்த வார்த்தையை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிப் பழக்கமே இல்லை. ஆனாலும் சொன்னார். ரோட்டில் நின்றுகொண்டு, கண்ணைத் துடைக்காமல், இரண்டு முறை சொன்னார்.

"சரிண்ணே, சரி. அழாதே. ரோட்டுல நின்னுக்கிட்டு என்ன இது."

"ம்."

"பல் டாக்டர் வீட்டுக் கூரை நீதானே போடற? யாரு கூட?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

சின்னவர் நிதானமாகத்தான் சொன்னார். யோசித்து, வலிக்காமல் சொல்லப் பார்த்தார். "நான் வரமாட்டேண்ணே. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, சாப்பிடு, புள்ளைங்களப் பாரு. ஆனா வேலைக்கு ஒண்ணா வரமாட்டேன். என்னால முடியல. கீழ நீ நிக்கறேன்னா மேல என் கை உதறும்."

"சரிடா."

"கடையிலதானே இருக்கே? பேட்டரியே வாங்கிக்கோ. தனி ஆளுக்கு அதுதான் சரி."

போன் வைத்த பிறகும் பெரியவர் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு முகத்தைத் தோள்துண்டால் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். தகரக்காரர் போய்விட்டிருந்தார்.

"என்ன முடிவு பண்ணீங்க?" என்றார் கடைக்காரர்.

"பேட்டரிதான். தம்பி வாங்கினதுலயே ஒண்ணு குடுங்க."

"அதுவா? அது கொஞ்சம் கனமாச்சே. அவரு வயசுக்குச் சரி. உங்களுக்கு அதைவிட லேசா ஒண்ணு இருக்கு, காட்டட்டுமா?"

"வேணாம்" என்றார் பெரியவர். "அதையே குடுங்க. தூக்கிக்கிறேன்."